மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தவருக்கும் மற்றவர்களுக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

2022ஆம் வருடம் ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம். கரூர் பேருந்து நிலையத்தில் படியில் கால் இடறி, உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன். ஓடி விழவில்லை, உயரத்திலிருந்தும் விழவில்லை. வலது கையை ஊன்றினேன், அவ்வளவுதான். மணிக்கட்டு கரண்டி போல வளைந்து நின்றது. அப்போது எனக்கு 51 வயது.

அன்றிலிருந்து இன்று வரை என்னைத் தாங்கியவர்கள் நிறையப் பேர். அவர்களில் பாதிப் பேருக்கு எனக்கு என்ன செய்தோம் என்பதே தெரியாது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இந்த மடலை எழுதுகிறேன். என்னைப் போல எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் கண்ணில் இது பட்டால் இன்னும் சந்தோஷம்.

2017இல் கோயம்புத்தூரில் எனக்குக் குடல் பைபாஸ் செய்தார்கள். பைபாஸ் என்றதும் சொந்தக்காரர்கள் இதயத்தில் ஆபரேஷன் என்று நினைத்துக்கொண்டு பதறி ஓடி வந்தார்கள். அப்போது நான் 118 கிலோ. சர்க்கரை, முட்டி வலி. ஒரு பாடவேளை முழுக்க நின்று பாடம் நடத்த முடியாது. ஒன்றரை வருடத்தில் 44 கிலோ இறங்கியது, சர்க்கரை மாத்திரை நின்றது. அந்த ஆபரேஷனுக்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. என் முதல் நன்றி அந்த சர்ஜன் ஐயாவுக்கு. இரைப்பையைச் சின்னப் பையாகச் சுருக்கி, சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டிக் கொண்டுபோய் இணைப்போம் என்று அன்றே படம் வரைந்து காட்டினார். கால்சியத்தை நன்றாக இழுத்துக்கொள்ளும் இடமே அந்த முதல் பகுதிதான், அதனால் ஆயுசுக்கும் மாத்திரை உண்டும்மா என்றும் சொன்னார். இரண்டு வருடம் ஒழுங்காகப் போனேன். அப்புறம் கொரோனா வந்தது. செக்கப் நின்றது, நின்றது நின்றதுதான்.

கைக்கு மாவுக்கட்டுப் போட்ட எலும்பு டாக்டருக்கு அடுத்த நன்றி. வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். கட்டுப் போட்டு அனுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், "இப்படி விழுந்ததுக்கு இவ்வளவு உடையக் கூடாதே. இதுக்கு முன்னாடி ஏதாவது ஆபரேஷன் பண்ணியிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தது. எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்து, திருச்சியில் ஒரு ஹார்மோன் டாக்டரைப் பார்க்கச் சொன்னார்.

ஸ்கேனில் முதுகெலும்பின் அடர்த்திக்கு வந்த எண் மைனஸ் 2.6. மைனஸ் 2.5ஐத் தொட்டாலே எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து லேசில் உடையும் நோய் என்கிறார்கள். ஆனால் ரத்தத்தில் கால்சியம் 9.1, நார்மல். இதை வைத்துக்கொண்டு நான் ஹார்மோன் டாக்டரம்மாவிடம் வாதம் செய்தேன். ரத்தத்தில் சரியாக இருக்கும்போது எலும்பில் எப்படி இல்லாமல் போகும்?

அவர் கோபப்படவில்லை. என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "டீச்சர், இதயம் துடிக்கவும் நரம்பு வேலை செய்யவும் ரத்தத்துல கால்சியம் ஒரே அளவுல இருக்கணும். அதுல உடம்பு ரொம்பக் கறார். சாப்பாட்டுல இருந்து வரலைன்னா எலும்புல இருந்து எடுத்துக் கொடுத்துடும். வீட்டுல அடுப்பு எரியுது, சோறு வேகுதுன்னு வெளியே இருக்கறவங்க நினைப்பாங்க. உள்ள ஒவ்வொரு நகையா அடகுக்கடைக்குப் போயிட்டிருக்கும். உங்க வீட்டுல அஞ்சு வருஷமா அதான் நடந்திருக்கு."

என் அம்மா அப்படித்தான் எங்களை வளர்த்தார். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. டாக்டரம்மா, அன்று நீங்கள் ரிப்போர்ட்டில் வட்டம் போட்டுக் காட்டிய இரண்டு எண்களை இன்னும் மறக்கவில்லை. வைட்டமின் டி 11. குறைந்தது 30 இருக்க வேண்டும். எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கச் சொல்லும் பாராதைராய்டு ஹார்மோன் 142. 65ஐத் தாண்டக் கூடாது. அடகுச் சீட்டு அந்த எண்தான் என்றீர்கள். கால்சியம் மட்டும் பார்த்தால் போதாது, இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை நான் இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

இருபத்திநாலு மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். காலையில் எழுந்ததும் வருவதை விட்டுவிட்டு, அதன் பிறகு மறுநாள் காலை வரை ஒரு சொட்டு விடாமல் ஐந்து லிட்டர் கேனில் பிடிக்க வேண்டும். ஒரு கையில் மாவுக்கட்டு. கேனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற எனக்கு வெட்கமாக இருந்தது. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "நான் வந்து எடுத்துக்கறேங்க" என்று சொல்லி, மறுநாள் காலை ஏழு மணிக்கு எக்ஸெல் வண்டியில் வந்து, அரிசிப் பையில் வைத்து யாருக்கும் தெரியாமல் எடுத்துப்போன லேப் அண்ணனுக்கு என் வணக்கம். அதில் வந்த கால்சியம் வெறும் 48 மில்லிகிராம். உள்ளே சேர்ந்தால்தானே வெளியே வரும்?

இனி நான் சொல்லப்போவது மருந்துக்கடைத் தம்பியைப் பற்றி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஆபரேஷன் முடிந்தபோது சீட்டில் எழுதிக் கொடுத்தது கால்சியம் சிட்ரேட். நடுவில் ஒரு மாதம், வழக்கமாக வாங்கும் கடையில் அது இல்லை. "இதுவும் அதேதாங்க, கால்சியம்தான்" என்று வேறொன்றைக் கொடுத்தார்கள். பெரிய எழுத்தில் கால்சியம் என்று இருந்தது. விலையும் குறைவு. மூன்று வருடம் அதையே வாங்கினேன். தவறாமல் விழுங்கினேன். எலும்பு உடைந்த பிறகு, வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த ஒரு சின்னக் கடைக்கு அந்தப் பழைய அட்டையைக் கொண்டுபோனேன். அந்தத் தம்பி அட்டையை வாங்கிப் பின்பக்கம் திருப்பினார். எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. ட்யூப்லைட் அடியில் சாய்த்துப் பிடித்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு என் பழைய ஃபைலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"அக்கா, சீட்டுல இருக்கறது சிட்ரேட். இது கார்பனேட்."

"ரெண்டும் கால்சியம்தானே தம்பி?"

"கார்பனேட் கரைய வயித்துல அமிலம் வேணுங்க்கா. உங்களுக்கு வயித்தைச் சுருக்கியாச்சு. போதாததுக்கு அமிலத்தைக் குறைக்கற மாத்திரை வேற தினம் காலையில போடறீங்க. அப்புறம் இது எங்கிருந்துங்க கரையும்? சிட்ரேட்டுக்கு அந்தத் தொந்தரவு இல்லீங்க. சாப்பாட்டோடவும் போடலாம், வெறும் வயித்துலயும் போடலாம்."

கார்பனேட் கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. வயிறு முழுதாக இருப்பவர்கள் சாப்பாட்டோடு போட்டுக்கொண்டால் நன்றாகவே வேலை செய்யும். என் வயிறு வேறு மாதிரி ஆகிவிட்டது, அதுதான் விஷயம். தம்பி, அன்று உங்கள் கடையில் எனக்கு முன்னால் மூன்று பேர் நின்றார்கள், ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். இருந்தும் நீங்கள் அட்டையைத் திருப்பிப் படித்தீர்கள். டாக்டரம்மாவிடம் போனபோது இதைச் சொன்னேன். "அந்தப் பையனுக்கு என் நன்றியைச் சொல்லுங்க" என்றார். நேரில் வந்து சொல்லிவிட்டேன், இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

அட்டையில் இருந்த இன்னொரு கணக்கை அவிழ்த்தவர் டயட்டீஷியன் மேடம். சிட்ரேட் 1000 மி.கி. என்று எழுதியிருந்தால் அதற்குள் ஆயிரம் மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். கணக்கு டீச்சரான எனக்கே அது தோன்றவில்லை. சிட்ரேட்டில் உண்மையான கால்சியம் நூற்றுக்கு 21 பங்குதான், அதாவது அந்த மாத்திரையில் 210 மில்லிகிராம். கார்பனேட்டில் 40 பங்கு. "எலிமென்டல் கால்சியம்னு எங்க போட்டிருக்குன்னு தேடிப் பாருங்க, அந்த எண்ணை மட்டும் கணக்குல எடுங்க" என்றார். பைபாஸ் செய்தவர்களுக்குச் சாப்பாட்டில் கிடைப்பதையும் சேர்த்து ஒரு நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் வேண்டும். ஒரே வேளையில் 500, 600க்கு மேல் போட்டால் உடம்பு முழுதாக எடுத்துக்கொள்ளாது. இரும்புச் சத்து மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம். எனக்கு இந்த மூன்றும் உண்டு!

சரி, எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது? மேடமே என் பள்ளிக்கூட நேரத்தைக் கேட்டு அட்டவணை போட்டார். தைராய்டு மாத்திரை விடியற்காலை ஐந்து மணிக்கு. 10.40 இடைவேளையில் கால்சியம் இரண்டு. மதியம் இரும்பு. கடைசி மணி அடித்ததும் கால்சியம் இரண்டு. ராத்திரி ஒன்பதுக்கு இன்னும் இரண்டு. எங்கள் பள்ளியில் மணி அடிக்கும் அலுவலக உதவியாளர் அம்மாவிடம் இதை ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். அன்றிலிருந்து இடைவேளை மணியை அடித்துவிட்டு நேராக என் வகுப்பு வாசலுக்கு வந்து, "டீச்சர், மணி அடிச்சாச்சு" என்பார். அவ்வளவுதான் சொல்வார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூட அதன் அர்த்தம் தெரிந்து, தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டுவார்கள். அம்மா, ஒரு நாள் கூட நீங்கள் மறந்ததில்லை. லீவு போட்ட அன்று போன் செய்தீர்கள்.

என் அண்ணிக்கு நன்றி என்று எழுதினால் கோபித்துக்கொள்வார். பரவாயில்லை. எலும்புக்கு நல்லது என்று முதலில் வெல்லம் போட்டுக் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். குடித்த கால் மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, படுத்துவிட்டேன். பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்பு சட்டென்று குடலில் இறங்கினால் அப்படி ஆகும். பாலும் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணி அழுதுவிட்டார். மறுநாளிலிருந்து கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி, காயவைத்து அரைத்து, மோர் ஊற்றிக் கூழாக்கினார். நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஆனால் நான் ஒரு வேளைக்குச் சாப்பிடுவதே ஒரு சின்னக் கிண்ணம். அதனால் கேழ்வரகு மட்டும் போதும், மாத்திரை வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, கெட்டித் தயிர், முருங்கைக்கீரை, முட்டை என்று அண்ணி ஒரு வருடம் எனக்குத் தனி அடுப்பு வைத்தார். பசலைக்கீரையில் ஆக்சலேட் அதிகம், அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், சிறுநீரகக் கல்லும் வரலாம் என்று கேட்டதிலிருந்து அது எங்கள் வீட்டுக்குள்ளேயே வரவில்லை.

மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எலும்புப்புரைக்கு வழக்கமாகக் கொடுக்கும் வாராந்திர மாத்திரை தைத்த இரைப்பையில் புண்ணை உண்டாக்கலாம் என்பதால், வருடம் ஒரு தடவை ரத்தக்குழாயில் ஏற்றும் ஜோலெட்ரானிக் அமிலம் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் வாரம் ஒரு முறை 60,000 யூனிட் வைட்டமின் டி பவுடர் கொடுத்து அளவை ஏற்றினார்கள். வைட்டமின் டி குறைவாக இருக்கும்போது இதை ஏற்றினால் ரத்தத்தில் கால்சியம் திடீரென்று இறங்கிவிடுமாம். பல் டாக்டரிடமும் ஒரு நடை போய்வரச் சொன்னார்கள். "இன்னைக்கு ராத்திரி காய்ச்சல் வரும், உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும், பயந்துடாதீங்க, பாராசிட்டமால் போட்டுக்கங்க" என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பிய சிஸ்டர், நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த ராத்திரி நாங்கள் ஆட்டோ பிடித்து ஓடியிருப்போம்.

பிசியோ தம்பிக்கு: நடந்தால் போதும் என்றிருந்த என்னை எடை தூக்க வைத்தவர் நீங்கள். எடை குறைந்தபோது கொழுப்போடு சதையும் போய்விட்டது, சதை இழுக்காத எலும்பு தேயத்தான் செய்யும் என்றீர்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதில் ஆரம்பித்தோம். முதல் நாள் நான்கில் நின்றேன்.

2024 கடைசியில் மறுபடி ஸ்கேன் எடுத்தோம். முதுகெலும்பு மைனஸ் 2.2. பாராதைராய்டு ஹார்மோன் 58, வைட்டமின் டி 38. டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ஒரு சங்கிலியை மீட்டாச்சு டீச்சர்" என்றார்.

கடைசியாக, பேருந்து நிலையத்தில் என்னைத் தூக்கி உட்கார வைத்த அம்மாவுக்கு. உங்கள் முகம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. பச்சைப் புடவை, கையில் வாழைக்காய்ப் பை. "அசைக்காத சாமி, அசைக்காத" என்று சொல்லிக்கொண்டே உங்கள் தோளில் இருந்த துண்டை எடுத்து என் கையைக் கழுத்தோடு கட்டினீர்கள். என் வீட்டுக்காரர் வரும் வரை இரண்டு குளித்தலை பஸ்ஸை விட்டீர்கள். மூன்றாவதில் ஏறிப் போய்விட்டீர்கள். பெயர் கேட்கத் தோன்றவில்லை. நீலக் கரை போட்ட அந்தத் துண்டைத் துவைத்து மடித்து பீரோவில் வைத்திருக்கிறேன். குளித்தலைப் பக்கம் யாராவது இதை அவருக்குப் படித்துக் காட்டினால், துண்டு பத்திரமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். கையும் நன்றாக இருக்கிறது. இந்த மடலை அந்தக் கையால்தான் எழுதினேன்.