ஆண்டறிக்கை: மண்டபத்தை இடிப்பதா, திறப்பதா?

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

வழக்கமாக இந்த அறிக்கை எத்தனை கூட்டம் நடந்தது, யார் யார் வந்தார்கள் என்பதில் ஆரம்பிக்கும். இந்த முறை அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். செயற்குழு கூடியபோதெல்லாம் பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நின்றது: நம் மண்டபத்தை என்ன செய்வது? இடித்துவிட்டு முழுக்க ஏசி போட்ட புதுக் கட்டடம் எழுப்பலாம் என்று ஒரு வரைபடம் வந்தது. இருப்பதையே சரிசெய்து கொஞ்சம் கூட்டிக் கட்டலாம் என்று இன்னொன்று வந்தது. முடிவெடுக்க வேண்டியவர்கள் நீங்கள். அதனால் நாங்கள் யோசித்த வழியை அப்படியே எழுதுகிறேன்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று சொன்னது. அடுத்த சில நாட்களில் நாம் மண்டபத்தைப் பூட்டினோம். அந்த நிறுவனம் உலக அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது 2023 மே 5 அன்று. நாம் அதற்கு முன்பே திறந்துவிட்டோம், ஆனால் ஆட்கள் திரும்பி வரவில்லை. தினமும் காலையில் வந்து பேப்பர் படித்தவர்களில் சிலரை இழந்துவிட்டோம். இருப்பவர்களில் பலர் வாசல் வரை வந்து, விசாரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டதில் அதிகம் கேட்ட பதில் இதுதான்: "உள்ளே வந்தால் மூச்சு முட்டுகிறது."

இதை நாங்கள் வெறும் பயம் என்று ஒதுக்கவில்லை. 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் என்ற இடத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் உள்ளே கூடி ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். உறுதியான தொற்றும் சந்தேகத் தொற்றுமாகச் சேர்த்தால் 53 பேர் நோயில் விழுந்தார்கள், இருவர் இறந்தார்கள். காற்று தேங்கிய கூடத்தில் சேர்ந்து பாடியதுதான் அங்கே நடந்தது. நாமும் கூடிப் பேசுகிறவர்கள், கூடிப் பாடுகிறவர்கள்.

சரி, அளந்து பார்ப்போம் என்று கரியமில வாயு அளக்கும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கினோம். நாம் வெளியே விடும் மூச்சு எவ்வளவு அறைக்குள்ளேயே நிற்கிறது என்பதை அது காட்டும். திறந்தவெளியில் இப்போது சுமார் 420 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு, இருக்கும். வீடல்லாத கட்டடங்களில் ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் புதுக்காற்று வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்னது. அவ்வளவு காற்று கிடைத்தால், உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் மீட்டர் ஏறக்குறைய 900, 950 பக்கம் நிற்க வேண்டும். நம் மண்டபத்தில் கூட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஆயிரத்தைத் தாண்டி, முடியும் வரை ஏறிக்கொண்டே போனது.

காரணத்தைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஜன்னல்கள் எல்லாம் ஒரே பக்கம். எதிர்ச் சுவரின் உச்சியில் வெண்டிலேட்டர்கள் இருந்தன, முன்பு ஏசி மாட்டியபோது குளிர் வெளியே போகக் கூடாதென்று பலகை அடித்து அடைத்துவிட்டோம். பலருக்குத் தெரியாத ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: சுவரில் மாட்டும் சாதாரண ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்று எதையும் உள்ளே கொண்டுவராது. அறையில் இருக்கும் அதே காற்றைத்தான் குளிர வைத்துத் திருப்பி ஊதும். குளிர்ச்சியாக இருப்பதால் காற்று நன்றாக இருப்பதாக நாம் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இளைஞர் அணியினர் ஏணி போட்டு அந்தப் பலகைகளைப் பிடுங்கினார்கள். சூடான காற்று மேலே ஏறி உச்சித் திறப்பு வழியாக வெளியேற, கீழே ஜன்னல் வழியாகப் புதுக்காற்று உள்ளே வந்தது. இதற்கு மின்சாரமே வேண்டாம். அடுத்த கூட்டத்தில் மீட்டர் ஆயிரத்துக்குள்ளேயே நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் செயற்குழுவில் பலருடைய மனம் மாறியது, என்னுடையதும் சேர்த்து.

முந்தைய தலைமுறைகளுக்கு இது தெரியும். காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் கட்டடமே பாதி மருந்தாக இருந்தது. பின்லாந்தில் ஆல்வார் ஆல்டோ வடிவமைத்த பைமியோ மருத்துவமனை 1933ல் திறந்தது, நோயாளிகள் காற்றும் வெயிலும் படப் படுத்திருக்கவே அதில் நீளமான திறந்த மாடங்கள் வைத்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் 1930ல் திறந்தவெளி வகுப்பறைகளோடு ஒரு பள்ளிக்கூடமே எழுந்தது. பின்னால் மருந்து வந்தது, ஏசி வந்தது, ஜன்னல் திறப்பதை மறந்துவிட்டோம்.

இப்போது இடிக்கும் கேள்விக்கு வருகிறேன். புதுக் கட்டடம் கேட்டவர்களும் சூழல் அக்கறையோடுதான் கேட்டார்கள். கூரையெல்லாம் சோலார், மின்சாரச் செலவே இல்லை என்பது அவர்கள் வாதம். அதில் விடுபட்டது, கட்டும்போதே வெளியாகிவிடும் கார்பன். சிமெண்ட் தயாரிக்கச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அந்தக் கல்லுக்குள் இருக்கும் கரியமில வாயுவே பிரிந்து வெளியே வருகிறது. சிமெண்டின் கார்பனில் பாதிக்கு மேல் கல்லிலிருந்தே வருவது, மிச்சம்தான் எரிபொருள். சூளையைச் சோலாரில் ஓட்டினாலும் கல்லிலிருந்து வருவது நிற்காது. மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமெண்டால் வருகிறது. நம் மண்டபத்தின் அஸ்திவாரம், தூண், மேல்தளம் எல்லாம் அந்தக் கார்பன் கடனை என்றோ வாங்கி முடித்தவை. அவற்றை உடைத்துக் கொட்டிவிட்டுப் புதிதாக வார்த்தால், சோலார் அந்தக் கடனை அடைக்கப் பல ஆண்டுகள் ஆகும், கடன் மட்டும் முதல் வருடமே ஏறிவிடும். பூமி சூடாவதைத் தடுக்க நமக்கு அவகாசம் குறைவாக இருப்பதே இந்த வருடங்களில்தானே?

பிரான்சில் ஆன் லகாட்டோன், ஜான் பிலிப் வசால் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் இருக்கிறார்கள். இடிக்காமல் கட்டுவதே அவர்கள் வழி. 1996ல் போர்டோ நகரின் ஒரு சதுக்கத்தை அழகாக்கச் சொன்னபோது, அங்கே நாள் கணக்கில் இருந்து பார்த்துவிட்டு, சதுக்கம் ஏற்கெனவே நன்றாக இருக்கிறது, சரளைக்கல்லை மாற்றி, மரங்களைப் பராமரித்து, அடிக்கடி சுத்தம் செய்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். அதே ஊரில் 530 பழைய அடுக்குமாடி வீடுகளுக்கு, குடியிருந்தவர்களை வெளியேற்றாமலே, வெளிப்பக்கம் அகலமான மாடங்கள் சேர்த்துக் கொடுத்த வேலையிலும் அவர்கள் இருந்தார்கள். கட்டடக் கலைக்கான உயரிய பரிசான பிரிட்ஸ்கர் 2021ல் அவர்களுக்கு. அடுத்த ஆண்டு அதே பரிசு பெற்ற பிரான்சிஸ் கேரே, புர்கினா ஃபாசோவில் தன் சொந்தக் கிராமத்தில் கட்டிய பள்ளிக்கூடத்தில் களிமண் செங்கல் கூரைக்கு மேலே இடைவெளி விட்டுத் தகரக் கூரையைத் தூக்கி வைத்தார். வெயிலைத் தகரம் வாங்கிக்கொள்ள, இடைவெளி வழியாகக் காற்று ஓடி வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகிறது. இந்த இரண்டு யோசனையையும் நம் திட்டத்தில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

திட்டம் இதுதான். எதிர்ச் சுவரில் புதிதாகத் திறப்புகள் போடுவது. மேல்தளத்துக்கு மேலே இடைவெளி விட்டு லேசான இரண்டாவது கூரை. சுற்றிலும் ஆழமான தாழ்வாரம், சீலிங் ஃபேன்கள், சரிவுப்பாதை, வெளியிலிருந்தே போகக்கூடிய கழிப்பறை. புதுச் சுவர் எழுப்பும் இடத்தில் எலிப்பொறிக் கட்டு. செங்கல்லை நிறுத்தி வைத்து நடுவில் வெற்றிடம் விடும் அந்த முறையில் கால்வாசி செங்கல் மிச்சம், சூடும் குறையும். தாழ்வாரத் தூண்களின் அடித்தளத்துக்கு மட்டும் கான்கிரீட், அதிலும் இரும்பு உலைக்கசடோ அனல்மின் நிலையச் சாம்பலோ கலந்த சிமெண்ட், கார்பன் குறையும் என்பதற்காக.

எதிர்ப்பும் இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. திறந்து வைத்தால் கொசு, தூசி, தெருச் சத்தம் வரும் என்றார்கள். கொசுவலை அடித்தால் காற்று குறையும், அதனால் திறப்புகளைப் பெரிதாக்கியிருக்கிறோம். சத்தத்துக்குத் தெருப்பக்கம் மரங்கள் என்று ஒருவர் சொன்னார், மரங்கள் வேண்டும்தான், ஆனால் சத்தத்தை அவை பெரிதாகக் குறைக்காது, சுவர்தான் தடுக்கும். எனவே பெரிய திறப்புகள் தெருவை ஒட்டி வராமல் பின்பக்கம் போகின்றன. புகை மண்டும் நாட்களுக்கும் கடும் வெயில் நாட்களுக்கும் ஒரே ஒரு சிறிய அறை, அதில் மட்டும் ஏசி, புதுக்காற்று கொண்டுவரும் ஃபேன், நல்ல ஃபில்டர். முதியவர்களும் கைக்குழந்தையோடு வருபவர்களும் அங்கே இருக்கலாம்.

தாழ்வாரத்தைப் பற்றி மட்டும் என் சொந்தக் கருத்து. இந்தத் திட்டத்தில் எதை வெட்டினாலும் அதை வெட்டாதீர்கள். உள்ளே வரத் தயங்குபவர் அங்கே உட்கார்ந்து பேச்சைக் கேட்கலாம், பிடிக்கவில்லை என்றால் எழுந்து போகலாம், அப்புறம் ஒருநாள் உள்ளேயும் வரலாம். 1995 ஜூலையில் சிகாகோவில் வெப்ப அலையில் 700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், தனியாக வாழ்ந்து யாரும் எட்டிப் பார்க்காத முதியவர்கள் அதில் நிறைய. பின்னால் ஆராய்ந்தவர்கள், ஒரே அளவு ஏழ்மையுள்ள பகுதிகளிலும் மக்கள் வெளியே வந்து பழகும் தெருக்கள் இருந்த இடத்தில் சாவு குறைவு என்று கண்டார்கள். காலையில் வழக்கமாக வரும் ஒருவர் இரண்டு நாள் வரவில்லை என்றால் யாராவது கவனிக்க வேண்டும். கவனிப்பதற்கு ஓர் இடம் வேண்டும். அதோடு, வாரத்தில் ஐந்து நாள் பூட்டிக் கிடக்கும் மண்டபம் எவ்வளவு பசுமையாகக் கட்டினாலும் வீண்தான். தாழ்வாரம் இருந்தால் பூட்டைத் திறக்காமலே அது பயன்படும்.

மற்றபடி செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நூலகத்துக்கு அலமாரி தந்தவர்களுக்கும், ஏணி ஏறிய பிள்ளைகளுக்கும் நன்றி. மறைந்த உறுப்பினர்களுக்குக் கூட்டத்தின் தொடக்கத்தில் எழுந்து நின்று அஞ்சலி செலுத்துவோம்.

இரண்டு வரைபடங்களும் மண்டபச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கின்றன. பொதுக்குழுவுக்கு முன்பே வந்து பாருங்கள், பக்கத்திலேயே மீட்டரும் குறிப்பேடும் இருக்கின்றன. ஒவ்வொரு கூட்டத்திலும் அளவைக் குறித்து வைக்க ஒருவர் வேண்டும், முன்வருபவர்கள் என்னிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்