குடிநீர்ப் பணியும் மற்றவையும்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, தமிழ் வகுப்பு, பங்குனி உத்திர அன்னதானம் மூன்றும் குறையில்லாமல் நடந்தன. வகுப்புக்குப் புதிய கரும்பலகை வேண்டும். அந்தச் செலவு வரவுசெலவுத் திட்டத்தில் வரும். சங்கத்தின் பணமும் நம் இளைஞர்களின் உழைப்பும் பெரும்பாலும் தண்ணீருக்கே போனதால், மீதி அறிக்கை அதைப் பற்றியது.

தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்கள் விடுமுறையில் நம் ஊரில் தங்கி, பொதுக் கிணற்றை அளந்தார்கள், மழைநீர்த் தொட்டி ஒன்றையும் கட்டிக் கொடுத்தார்கள். வேலையில் அக்கறை இருந்தது. வந்த மாதம்தான் சரியில்லை.

பர்மாவில் நம் மோல்மேன் பக்கம் ஆண்டுக்கு 4,000 மி.மீட்டருக்கு மேல் மழை. அதில் பெரும்பகுதி மே கடைசியிலிருந்து அக்டோபருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். நமக்குத் தட்டுப்பாடு மார்ச், ஏப்ரலில். அந்த மாணவர்களின் விடுமுறையோ ஜூனில். கிணற்றின் விட்டம் ஒன்றரை மீட்டர். ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 1,770 லிட்டர். இறைத்துவிட்டு ஊற்றை அளந்தபோது, மழை ஊறிய நிலத்தில் மணிக்கு ஒரு மீட்டர் ஏறியது. அதே முறையில் நம் இளைஞர்கள் பங்குனியில் அளந்தால் 20 செ.மீ.தான், அதாவது சுமார் 350 லிட்டர். ஜூன் கணக்கை வைத்து மாணவர்கள் பரிந்துரைத்த ஒரு குதிரைசக்தி மோட்டாரைப் போட்டிருந்தால், கோடையில் அரை மணியில் கிணறு வற்றி, தண்ணீர் இல்லாமல் ஓடி சீல் கருகியிருக்கும். அரைக் குதிரைசக்தி மோட்டாரும், தண்ணீர் குறைந்தால் அதைத் தானே நிறுத்தும் மிதவை சுவிட்சும் வாங்கினோம். காலை, மாலை இரண்டு வேளை இறைக்கிறோம். நடுவில் ஊற விடுகிறோம்.

தொட்டியை முதலில் பள்ளிக்கூடத்தில் கட்டுவதாகத்தான் திட்டம். தண்ணீர் இல்லாத மாதங்களில் பள்ளியே மூடிக் கிடக்கும் என்பதால், கோயில் மண்டபத்துத் தகரக் கூரைக்கு மாற்றச் சொன்னோம். கூரை 120 சதுர மீட்டர். ஒரு மி.மீ. மழைக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். சிதறல் போக நூறு லிட்டராவது தேறும். மழைக்கு இங்கே பஞ்சமில்லை, தேக்கி வைக்கத்தான் இடமில்லை. 3.6 மீட்டர் விட்டம், 2 மீட்டர் உயரத்தில் 20,000 லிட்டர் பிடிக்கும். 40 குடும்பங்களுக்கு நாளுக்குப் பத்து லிட்டர் வீதம் 50 நாள் வரும். ஆகவே ஏப்ரல் முதல் தேதிவரை குழாய்க்குப் பூட்டு. குடிக்கவும் சமைக்கவும் மட்டுமே தண்ணீர். ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு இந்தக் குழாயில் வாளி வைக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

சுவர் 5 செ.மீ. பருமன்: 6 மி.மீ. கம்பி, இருபுறமும் கோழிவலை, ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டரைப் பங்கு மணல். முகத்துவாரத்து மணலில் உப்பு இருக்கும், வலை துருப்பிடித்துவிடும் என்பதால் மேலாற்று மணலைக் கழுவிப் போட்டோம். ஈரச் சாக்கு சுற்றிப் பத்து நாளுக்குமேல் நனைத்ததில் சுவரில் கீறல் விழவில்லை. கசிந்தது குழாய் வெளியேறும் இடத்தில். வழவழப்பான பிளாஸ்டிக் குழாயைச் சாந்து பிடிக்காது. தகடு பற்றவைத்த இரும்புக் குழாயைப் பூசுவதற்கு முன்பே பதித்திருக்க வேண்டும். அந்த இடத்தை உடைத்து அப்படியே மாற்றினோம். இன்னொன்று: மாணவர்களின் வரைபடத்தில் இருந்தது 110 மி.மீ. குழாய். கடைத்தெருவில் கிடைக்கும் நாலங்குல நீலக் குழாயின் வெளிவிட்டம் 114. கொண்டுவந்த இணைப்புகள் ஒன்றும் சேரவில்லை. சூடுகாட்டி நுழைத்தவை முதல் பெருமழையிலேயே ஒழுகின.

கூரை அழுக்கோடு வரும் முதல் மழைநீரைக் கழிக்கும் குழாயும் சிறிதாகப் போய்விட்டது. சதுர மீட்டருக்கு அரை லிட்டர் என்றாலும் 60 லிட்டர் கழிய வேண்டும். நாலங்குலக் குழாய் ஒரு மீட்டரில் எட்டு லிட்டர்தான் நிற்கும். புறா எச்சமும் சருகும் தொட்டிக்கே போயின. ஆறங்குலக் குழாயை மூன்றரை மீட்டருக்கு வைத்துவிட்டோம். அடியில் இருக்கும் 3 மி.மீ. துளை சருகால் அடைபட்டால் குழாய் காலியாகாது, அடுத்த மழைக்குப் பயன்படாது. வாரம் ஒருமுறை மூடியைக் கழற்றும் பொறுப்பை இளைஞரணி ஏற்றிருக்கிறது. வழிந்தோடும் வாயில் கொசுவலை கட்டாயம்.

குளோரின் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. புதிய பிளீச்சிங் பவுடர் என்றால் 1,000 லிட்டருக்கு 6 கிராம் போட்டு, அரை மணி கழித்துக் குடிக்கலாம். மழைக்காலத்தில் திறந்து வைத்த பையில் வீரியம் போய்விடும். வாசனை இருப்பதை நம்ப வேண்டாம். மூடிய டப்பாவில் வையுங்கள், சிறிது சிறிதாக வாங்குங்கள்.

அடுத்து வரும் மாணவர் குழுவைப் பற்றிச் செயற்குழு மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறது. அளக்க வருகிறவர்கள் மாசி, பங்குனியில் வரட்டும், இரண்டு பேர் வந்தாலும் போதும். பொருள் பட்டியல் பர்மிய மொழியிலும், நம் கடைத்தெரு அளவிலும் இருக்க வேண்டும். பழுதானால் எதை எப்படிக் கழற்றுவது என்று நம் பிள்ளைகள் இருவருக்காவது கைப்பட செய்துகாட்டிவிட்டுத்தான் அவர்கள் புறப்பட வேண்டும். இவற்றை விவாதித்து ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.