ஏ.சி. விஷயமாக மகளுக்கு

கோயம்புத்தூர்,
சித்திரை 12

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். சித்தி வீட்டுக் காதுகுத்து நல்லபடியாக முடிந்தது, மற்றதை அம்மா சொல்வாள். நான் உன் கார் விஷயத்துக்கு வருகிறேன்.

பதினாறு நாள் பேச்சில்லை. பிறகு ஞாயிற்றுக்கிழமை ஒரே வரி: "அப்பா, காற்று வருகிறது, குளிரவில்லை, கம்ப்ரசர் ஒட்டவில்லை." ஒட்டவில்லை என்று எழுதினாய் பார், அதில் எனக்குப் பெருமைதான். வேறு யாராக இருந்தாலும் ஏ.சி. கெட்டுவிட்டது என்று முடித்திருப்பார்கள். பட்டறையில் எனக்கு டார்ச் பிடித்த கை அல்லவா. ஆனால் பேரன் எப்படி இருக்கிறான் என்று இன்னும் ஒரு சொல் சேர்த்திருக்கலாம்.

எந்நேரமும் ஒட்டவில்லையா, காலையில் ஒட்டி மதியம் விட்டுவிடுகிறதா? அதை முதலில் பார். பானெட்டைத் திறந்து வைத்து, என்ஜின் ஓடும்போது யாரையாவது ஏ.சி. சுவிட்சைப் போடச் சொல். பெல்ட் ஓடும், துப்பட்டாவை முடிந்துகொள். பெல்ட் ஓட்டும் கம்ப்ரசர் புல்லி எப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதற்கு முன்னால் உள்ள தட்டு, கிளட்ச் என்பது அதுதான், 'டக்' என்று ஒட்டி அதோடு சேர்ந்து சுற்ற வேண்டும். யாரையாவது என்று எழுதிவிட்டேன். முன்பெல்லாம் வண்டியில் ஏதாவது என்றால் மாப்பிள்ளைதான் என்னைக் கூப்பிடுவார்.

காலையில் ஒட்டி, சூடேறியதும் விட்டால், தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கும். அரை மில்லிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டியது தேய்ந்து தேய்ந்து அகன்றுவிட்டால், தட்டைக் காந்தமாக இழுக்கும் காயிலுக்குச் சூட்டில் தெம்பு போதாது. உள்ளே இருக்கும் ஷிம் என்கிற மெல்லிய வளையம் ஒன்றை எடுத்தால் பல வண்டிகளில் சரியாகிவிடும். இதற்குப் போய்ப் புதுக் கம்ப்ரசர் வாங்கச் சொல்கிறவனிடம் வண்டியை விடாதே.

எந்நேரமும் ஒட்டவில்லை என்றால் பியூஸ். அடுத்தது கிளட்சுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே. ஹாரன் ரிலே அதே வகையாக இருந்தால் மாற்றிச் செருகிப் பார். பிறகு கிளட்சுக்குப் போகும் வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தும் இழுக்கவில்லை என்றால் எர்த்தையும் காயிலையும் பார். நல்ல காயில் மீட்டரில் 3, 4 ஓம் காட்டும்.

வோல்டே வரவில்லை என்றால் பெரும்பாலும் குளிரூட்டும் கேஸ் குறைந்திருக்கும். அழுத்தம் ஏறத்தாழ 2 பார் (bar) அளவுக்குக் கீழே இறங்கினால் பிரஷர் சுவிட்ச் மின்சாரத்தை விடாது. கம்ப்ரசருக்கான எண்ணெய் கேஸோடு சேர்ந்துதான் ஓடுகிறது. கேஸ் இல்லாமல் சுற்றினால் உள்ளே வறண்டு இறுகிவிடும். அவசரக்காரன் எவனாவது அந்த சுவிட்சைக் கழற்றி, இரண்டு முனையையும் துண்டு வயரால் இணைத்து, "ஒட்டிவிட்டது பாருங்கள்" என்பான். விடாதே. கேஸ் பெட்ரோல் போல ஓட ஓடத் தீர்வதில்லை. எங்கோ கசிகிறது. கண்டென்சர் மூலையிலும் குழாய் இணைப்புகளிலும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல். கசிவை அடைத்து, அரை மணி நேரமாவது வேக்கம் பம்பால் உள்ளே இருக்கும் காற்றை இழுத்து, அதன் பிறகு எடை பார்த்து கேஸ் ஏற்றட்டும். வயர் போட மட்டும் விடாதே.

நான் போட்டிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். 1999இல் ஒரு கல்யாண வண்டி. கேஸ் இல்லை என்று தெரிந்தும், நேரமாகிறது என்று அவர்கள் நெருக்கியதால் வயர் போட்டு அனுப்பினேன். அவிநாசி தாண்டுவதற்குள் கம்ப்ரசர் இறுகி பெல்ட் அறுந்தது. பழியை உதவிக்கு இருந்த பையன் மேல் போட்டேன். மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. நீ அன்று பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். எல்லாவற்றையும் பார்த்தாய், ஒன்றும் கேட்கவில்லை.

போன ஆவணியில் நீ ஒற்றைப் பையோடு வந்து நின்றபோது நானும் ஒன்றும் கேட்கவில்லை. "அனுசரித்துப் போ கண்ணு" என்று சொல்லி, மறுநாள் காலையே கோவை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டேன். அக்கம்பக்கம் பார்ப்பதற்குள் அனுப்பிவிட வேண்டும் என்றுதான் எனக்கு அவசரம். ரயில் நகர்ந்தபோது நீ ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. தப்பு என்னுடையது.

மே 4 முதல் அக்னி நட்சத்திரம். குழந்தையை வைத்துக்கொண்டு அந்த வண்டியில் 500 கிலோமீட்டர் பகலில் வர வேண்டாம், ரயிலில் வா. இல்லையென்றால் நான் வந்து வண்டியை ஓட்டி வருகிறேன். மீட்டர், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், ஷிம் டப்பா மூன்றையும் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.

மாடி அறையில் அடைத்து வைத்திருந்த பழைய ரேடியேட்டர்களை நேற்று வெளியே போட்டேன். ஜன்னல் கதவு துருவேறி இறுகியிருந்தது, எண்ணெய் விட்டதும் திறந்துகொண்டது.

பியூஸை முதலில் பார்த்துவிட்டுச் சொல்.

அப்பா