வாலிபால் பிள்ளைகளின் வீட்டுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கமுங்க. பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் கடிதமா என்று பதற வேண்டாம். வாலிபால் ஆடும் பிள்ளைகளின் வீட்டுக்கு மட்டும்தான் இது வருகிறது. அப்பத்தா, அம்மாயி இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். "பொட்டப்புள்ளைக்கு எதுக்குச் சாமி பந்து" என்ற கேள்வி பெரும்பாலும் திண்ணையில்தான் பிறக்கிறது.

ஆடி பிறந்தால் குறுவட்டப் போட்டி. அதில் ஜெயித்தால் மாவட்டம், அப்புறம் மாநிலம். போன வருஷம் மாவட்ட அரையிறுதியில் மூன்றாவது செட்டில் தோற்றோம். ஊர் வந்து சேரும்வரை வேனில் ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. எதிரில் ஆடியவர்கள் நம்மைவிடப் பெரிய ஆட்டக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. கடைசி நேரத்தில் சர்வீஸை, அதாவது ஒவ்வொரு பாயிண்ட்டையும் தொடங்கிவைக்கும் அடியை, நெட்டிலும் கோட்டுக்கு வெளியேயும் அடித்து, பாயிண்ட்டை நாமே தூக்கிக் கொடுத்தோம்.

காரணம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாராபுரம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். வெயில் கண்ணில் அடிக்கக் கூடாதென்று கோர்ட்டைத் தெற்கு வடக்காகப் போடுகிறோம். காற்று வருவதோ மேற்கிலிருந்து. பந்தின் எடை 260 முதல் 280 கிராம்தான், உரித்த தேங்காயில் பாதிகூடத் தேறாது. அதை உயரத் தூக்கிப்போட்டு ஓங்கி அடித்தால் எங்கே போய் விழும் என்று அடித்தவளுக்கே தெரியாது. அதனால் இந்த வருஷம் பந்தைத் தாழ்வாகப் போட்டு, சுழலாமல் தட்டிவிடும் சர்வீஸைப் பழக்குகிறோம். சுழலாத பந்து காற்றில் தள்ளாடிக்கொண்டே போகும். எடுக்க நிற்பவளுக்குத்தான் திண்டாட்டம். காற்று பலமாக இருக்கும் சாயங்காலமாகப் பார்த்துத்தான் பி.இ.டி. டீச்சர் பயிற்சி வைக்கிறார். பிள்ளை தலை நிறையச் செம்மண்ணோடு வந்து நின்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

டீம் எப்படி இருக்கிறது? உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உயரம் போதாது. பெண்களுக்கான நெட் 2.24 மீட்டர், அதாவது ஏழடி நாலங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. போன வருஷம் பிளாக் போட்ட, அதாவது எதிராளி அடிக்கும் பந்தை நெட்டுக்கு மேலே கைநீட்டி மறித்த, இரண்டு நெட்டைப் பிள்ளைகளும் இப்போது கல்லூரிக்குப் போய்விட்டார்கள். ஆகவே நெட்டுக்கு மேலே நாம் சாதிக்கப்போவது கொஞ்சம்தான். கீழே விழுகிற பந்தை எடுப்பதில் நம்மை மிஞ்ச இந்த வட்டாரத்தில் ஆளில்லை என்று நினைக்கிறேன். (எல்லாத் தலைமையாசிரியரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று பி.இ.டி. டீச்சர் சிரிக்கிறார்.)

கடிதம் எழுதக் காரணமே இனிமேல் சொல்லப்போவதுதான். மூன்று வீடுகளிலிருந்து, "பிளஸ் டூ வந்துவிட்டது, இனிப் பந்து வேண்டாமுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். அதில் ஒருத்தி நம் லிஃப்டர், அடிப்பவளுக்குத் தோதாகப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். அவள் அப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பந்தை மூன்று தொடுகைக்குள் எதிர்ப்பக்கம் அனுப்பியாக வேண்டும். ஆறு பேர் நின்றாலும் நடுவில் வரும் அந்த இரண்டாவது தொடுகை பெரும்பாலும் அவளுடையது. உயரம் குறைந்த டீமுக்கு லிஃப்ட்தான் உயிர். அவள் இருந்தால் மாவட்ட இறுதி ஆட்டம் வரை கணக்குப் போடலாம். இல்லாவிட்டால் குறுவட்டத்தைத் தாண்டுவதே சிரமம்.

உங்கள் பயம் தப்பில்லை. நானும் கணக்கு டீச்சர்தான், மதிப்பெண்ணின் அருமை எனக்கும் தெரியும். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று நாள் மட்டும் பயிற்சி, நாலரையிலிருந்து ஐந்தே முக்கால் வரை. காலாண்டுத் தேர்வு நெருங்கினால் அதுவும் இரண்டு நாளாகும். விட்டுப்போன ஸ்பெஷல் கிளாஸைக் காலையில் நானே எடுக்கிறேன். இன்னொன்று: பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் இருப்பது உண்மை. ஆனால் குறுவட்டத்தில் ஜெயித்தாலே சீட் கைக்கு வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சீட்டுக்காகப் பிள்ளையை விடுங்கள் என்று நான் கேட்கவில்லை.

உங்களில் பல அம்மாக்கள் கல்யாணத்துக்கு முன்னால் மில்லுக்குப் போனவர்கள். உங்களுக்காகவே ஒரு சங்கதி. ஒலிம்பிக்கில் வாலிபால் முதன்முதலாக நுழைந்தது 1964இல், டோக்கியோவில். பெண்கள் பிரிவில் தங்கம் வாங்கியது ஜப்பான். அந்த டீமில் பெரும்பாலோர் ஒசாகா பக்கத்தில் கைசுகா என்ற ஊரில், ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தவர்கள். பகலில் மில் வேலை, அது முடிந்து நடுச்சாமம் தாண்டியும் பயிற்சி. தரையில் உருண்டு பந்தை எடுத்து உடனே எழுந்து நிற்கும் வித்தைக்கு அவர்கள் பேர்போனவர்கள். தங்கத்தை முடிவுசெய்த கடைசி ஆட்டத்தில் சோவியத் டீமை 3-0 என்று முடித்தார்கள். அடிபட்டாலும் விடாமல் ஆடவைத்தவர் அவர்களுடைய கோச். அந்த முரட்டுக் கண்டிப்பு நம் பள்ளியில் கிடையாது. உருளும் வித்தையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

உருள வேண்டுமானால் முட்டி பேட் வேண்டும், நம்முடையது சரளை மண். டிரவுசர் பிடிக்காவிட்டால் ட்ராக் பேண்ட் போட்டுக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. மத்தியானம் சாப்பிட்டதோடு ஆறு மணி வரை தாங்காது. ஒரு வாழைப்பழமும் ஒரு பிடி வேகவைத்த கடலையும் போதும். போன வருஷம் ஒரு அம்மாயி தூக்குப்போசி நிறைய எண்ணெயில் சுட்ட இனிப்புக் கச்சாயம் கொடுத்தனுப்பினார். அருமையான கச்சாயம். அன்றைக்கு ஒருத்தியும் தரையைவிட்டு எழும்பவில்லை. மாதவிடாய் நாளில் ஆடுவதா, உட்காருவதா என்பதைப் பிள்ளையே டீச்சரிடம் சொல்லட்டும். அதற்காக லீவு லெட்டரில் "வயிற்று வலி" என்று எழுத வேண்டாம்.

பனியன் கம்பெனி வேனில் ஏழு மணிக்கு வந்து இறங்கும் அம்மாக்கள் கவலைப்பட வேண்டாம். டவுன் பஸ் ஏறும்வரை ஒரு டீச்சர் கூடவே நிற்பார்.

சம்மதச் சீட்டில் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவையுங்கள். இன்னும் மனசு வராத மூன்று வீட்டாரும் சனிக்கிழமை சாயங்காலம் மைதானத்துப் பக்கம் பத்து நிமிஷம் வண்டியை நிறுத்துங்கள். என்னிடம் பேசக்கூட வேண்டாம், புளியமரத்தடியில் நின்று பிள்ளை ஆடுவதைப் பார்த்துவிட்டு முடிவு சொன்னால் போதுமுங்க.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்