மரக்கிளை விளக்கு: அரச இலையை இன்றே ஊறப்போடுங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு, காலை 10 முதல் 1 மணி வரை, நம் குடியிருப்பு ஹாலில் மரக்கிளையும் அரச இலை நரம்பும் வைத்து மேசை விளக்கு செய்யப் போகிறோம். அன்றைக்கு வந்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். இலை பக்குவமாக 3, 4 வாரம் ஆகும்.

1. முற்றிய அரச இலை 20 வேண்டும். கொழுந்து கிழிந்துவிடும். கோயில் மரத்தில் ஏறிப் பறிக்க வேண்டாம், புதிதாக உதிர்ந்தவையே போதும்.

2. வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, கொசு வராமல் மூடி வையுங்கள். நாலைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். நாற்றம் வரும், பால்கனிதான் சரி.

3. சதை அழுகி வழவழப்பானதும் பழைய டூத் பிரஷால் மெல்லத் தேயுங்கள். நரம்பு வலை மட்டும் நிற்கும். செய்தித்தாளுக்குள் வைத்துக் காயவிடுங்கள். பின்னால் விளக்கு எரியும்போது மயிரிழை நரம்புகூடத் தனியாகத் தெரியும். அதைப் பார்க்கவே இத்தனை பாடும் படலாம்!

4. புயலில் விழுந்த பூவரசங்கிளைகள் மாடிப்படிக்கு அடியில் காய்ந்து கிடக்கின்றன. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கணுவையும் வளைவையும் சீவிவிடாதீர்கள், விளக்குக்கு உருவமே அதுதான். உப்புத்தாள் போட்டால் போதும்.

5. 3 வாட் எல்இடி பல்பு மட்டும். குண்டு பல்பு சூட்டில் இலை கருகிவிடும். வயரிங் எலக்ட்ரீஷியன் பார்த்துக்கொள்வார், பிள்ளைகள் தொடக்கூடாது.

பசை, மூங்கில் சிம்பு, கையால் செய்த காகிதம் நாங்கள் வாங்குகிறோம். வருகிறவர்கள் வீட்டு எண், எத்தனை பேர் என்று வெள்ளிக்கிழமைக்குள் இங்கேயே பதில் போடுங்கள்.