மறுநாளே மனம் மாறினார்களா பிரிட்டன் மக்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வெளியேற வாக்களித்த மக்கள் மறுநாளே மனம் மாறி வருந்தினார்கள் என்று அதில் ஒரு வரி இருந்தது. லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனு, ‘ஐரோப்பிய ஒன்றியம் என்றால் என்ன?’ என்ற கூகுள் தேடல், கடைத்தெருப் பேட்டிகள் ஆகிய மூன்றையும் கட்டுரையாளர் சான்றாகக் காட்டியிருந்தார். தமிழில் ‘பிரெக்ஸிட்’ எனப்படும் இந்த விலகலைப் பற்றி யார் எழுதினாலும் இந்த மூன்றும் வந்துவிடுகின்றன. அந்த வரியை மெய்ப்பிக்க மூன்றில் ஒன்றுகூடப் போதாது. ஏன் என்று சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் கணக்கு. 2016 ஜூன் 23 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் வெளியேற வேண்டும் என்றவர்கள் 1,74,10,742 பேர், நீடிக்க வேண்டும் என்றவர்கள் 1,61,41,241 பேர். வித்தியாசம் 13 லட்சத்துக்கும் குறைவு. பதிவான வாக்கு 72.2 சதவீதம். இதில் வென்றது 51.9 சதவீதம். வாக்குரிமை பெற்ற 4.65 கோடிப் பேரையும் சேர்த்துப் பார்த்தால், வெளியேறச் சொன்னவர்கள் 37 சதவீதத்துக்குச் சற்று மேல். அடுத்த மூன்றாண்டுச் சண்டைக்கு விதை இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இனி மனு. பிரிட்டன் நாடாளுமன்ற இணையதளத்தில் யாரும் மனு தொடங்கலாம். பத்தாயிரம் கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் சொல்லும். ஒரு லட்சம் சேர்ந்தால் அவையில் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப் பரிசீலிப்பார்கள். மறுவாக்கெடுப்பு கோரிய மனுவில் 41 லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது உண்மை. ஆனால் அதன் வாசகத்தைப் பாருங்கள். வென்ற தரப்பு 60 சதவீதத்துக்கும் குறைவாகப் பெற்று, வாக்குப்பதிவும் 75 சதவீதத்தை எட்டாவிட்டால் மீண்டும் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்பது கோரிக்கை. இதை எழுதியவர் வெளியேறும் தரப்பின் ஆதரவாளர், எழுதியது வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் முன்னால். தன் தரப்பு சிறு வித்தியாசத்தில் தோற்கும் என்று அஞ்சியே அவர் அதைத் தொடங்கினார். முடிவு தலைகீழாக வந்ததும் எதிர்த்தரப்பு அதே மனுவை எடுத்துக்கொண்டது.

கையெழுத்துப் போடத் தேவையானவை பெயர், மின்னஞ்சல் முகவரி, அஞ்சல் குறியீடு மட்டுமே. மின்னஞ்சலுக்கு வரும் இணைப்பை அழுத்தினால் முடிந்தது. பிரிட்டன் குடிமகனாகவோ அங்கே வசிப்பவராகவோ இருந்தால் போதும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டியதில்லை. ஆயிரம் பேர்கூட வசிக்காத வாடிகனிலிருந்து 39 ஆயிரத்துக்கு மேல் கையெழுத்து விழுந்ததும் மனுக்கள் குழு விழித்துக்கொண்டது. சுமார் 77 ஆயிரம் போலிக் கையெழுத்துகளை நீக்கியது. 41 லட்சத்தில் அது இரண்டு சதவீதம்கூட இல்லை, ஆகவே மனுவே போலி என்பதும் தவறு. இன்னொன்றையும் பாருங்கள். கையெழுத்திட்ட அத்தனை பேரும் நீடிக்க வாக்களித்தவர்கள் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தத் தரப்பில் அது நான்கில் ஒரு பங்கு. தோற்றவர்களில் ஒரு பகுதியின் கோபத்துக்கு அது சான்று. வென்றவர்களின் வருத்தம் அதில் எங்கே இருக்கிறது?

அரசின் பதில் சுருக்கமானது: 2015ஆம் ஆண்டு வாக்கெடுப்புச் சட்டத்தில் குறைந்தபட்ச வரம்பு எதுவும் வைக்கவில்லை. என் பார்வையில் கோளாறின் வேர் இங்கேதான். பிரிட்டனுக்கு வரம்பு வைத்து வாக்கெடுப்பு நடத்திய முன் அனுபவம் உண்டு. 1979இல் ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்று கேட்டபோது, மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் பேராவது ஆம் என்று சொல்ல வேண்டும் என நிபந்தனை இருந்தது. வாக்களித்தவர்களில் 51.6 சதவீதம் பேர் ஆம் என்று சொல்லியும், மொத்தப் பட்டியலில் அது 32.9 சதவீதமே என்பதால் திட்டம் கைவிடப்பட்டது. அதுவும் ஆறாத மனக்கசப்பை விட்டுச் சென்றது. ஆனால் ஆட்டம் தொடங்குமுன் விதி எழுதப்பட்டிருந்தது. 2016இல் அப்படி எழுதாமல் விட்டார்கள், முடிவு வந்த பிறகு மக்கள் மனுவின் வழியாக எழுதப் பார்த்தார்கள்.

கூகுள் விஷயம் சிறியது, அதிகம் பரவியது. கூகுள் டிரெண்ட்ஸ் காட்டுவது எத்தனை பேர் தேடினார்கள் என்ற எண்ணிக்கை அல்ல, மற்றத் தேடல்களோடும் முந்தைய நேரத்தோடும் ஒப்பிட்ட விகிதம். வழக்கமாக நூறு பேர் தேடும் ஒன்றை ஒருநாள் முந்நூற்றைம்பது பேர் தேடினால், 250 சதவீத உயர்வு என்று அது சொல்லும். தேடியவர் வாக்காளரா, எந்தப் பக்கம் வாக்களித்தார், வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளையா என்பதும் அதில் தெரியாது. எதற்கு வாக்களித்தோம் என்றே தெரியாத மக்கள் என்ற ஏளனம் இந்த ஒற்றை வரைபடத்திலிருந்து உலகம் முழுக்கப் போனது. அந்த ஏளனம் எனக்கு இன்றும் வலிக்கிறது.

இளைஞர்களில் 36 சதவீதம் பேர்தான் வாக்களித்தார்கள் என்பதும் அப்படிப்பட்டதே. அது அன்று எண்ணிப் பார்த்த கணக்கு அல்ல, முந்தைய தேர்தல் பழக்கத்தை வைத்துப் போட்ட மதிப்பீடு. பின்னர் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள் கருத்துக்கணிப்பை வைத்துக் கணித்தபோது, பட்டியலில் இருந்த 18 முதல் 24 வயதினரில் 64 சதவீதம் பேர் வாக்களித்தது தெரியவந்தது. அதற்குள் சோம்பேறி இளைஞர்கள் என்ற பேச்சு ஊரெல்லாம் சுற்றி வந்துவிட்டது.

கடைத்தெருப் பேட்டிகளுக்கு நிருபர்கள் போன ஊர்களைக் கவனியுங்கள். 75.6 சதவீதம் பேர் வெளியேறச் சொன்ன இங்கிலாந்தின் பாஸ்டன், 61.3 சதவீதம் பேர் அப்படிச் சொன்ன சண்டர்லாண்ட், ஐரோப்பிய நிதி ஏராளமாகப் பாய்ந்தும் வெளியேற வாக்களித்த வேல்ஸின் எபு வேல். வேலைநாளில் காலை பதினொரு மணிக்குச் சந்தையில் மைக்கை நீட்டினால் ஓய்வுபெற்றவர்தான் அதிகம் அகப்படுவார். ஐம்பது பேர் “சரியாகத்தான் செய்தேன்” என்றால் அது செய்தியாவதில்லை, ஒருவர் “இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை” என்றால் அது இரவுச் செய்தி. அவர் சொன்னது பொய் என்று சொல்லவில்லை. அவரை ஒரு கோடியே எழுபது லட்சம் பேருக்கும் பிரதிநிதியாக்குவதுதான் தவறு.

பங்குச்சந்தையை வைத்து மக்கள் மனத்தைப் படிப்பதும் உதவாது. 1.50 டாலரைத் தொட்டிருந்த பவுண்ட், சண்டர்லாண்ட் முடிவு வந்ததும் சரியத் தொடங்கி, விடிவதற்குள் 1.33க்குக் கீழே போனது. மும்பையில் சென்செக்ஸ் 604 புள்ளி இறங்கியது. லண்டனின் எஃப்.டி.எஸ்.இ. 100 குறியீடு ஒரு வாரத்தில் மீண்டுவிட்டது என்று வெளியேறும் தரப்பு கொண்டாடியது. அந்த நூறு நிறுவனங்களின் வருவாயில் பெரும்பகுதி வெளிநாட்டுப் பணம், பவுண்ட் விழுந்தால் அவற்றின் கணக்கில் வருவாய் கூடும். உள்நாட்டு வணிகத்தை அதிகம் நம்பிய எஃப்.டி.எஸ்.இ. 250 முதல் நாளில் 7 சதவீதம் விழுந்ததைத்தான் அவர்கள் பார்த்திருக்க வேண்டும்.

கட்டுரையில் இடம்பெறாத ஒரு காட்சியைச் சொல்கிறேன். பிரிட்டன் வாக்குச்சாவடிகளின் மறைப்புக்குள் பென்சில்தான் வைத்திருப்பார்கள், பல இடங்களில் அதை நூலில் கட்டியிருப்பார்கள். சீட்டில் இரண்டே கட்டங்கள், ஒன்றில் பெருக்கல் குறி போட வேண்டும். பென்சில் குறியை அழித்து மாற்றிவிடுவார்கள் என்று வெளியேறும் தரப்பில் அன்று ஒரு வதந்தி பரவியது. பலர் வீட்டிலிருந்தே பேனா கொண்டு போனார்கள். பேனாவுக்குத் தடை எதுவும் இல்லை. பென்சில் வைப்பதற்குக் காரணம் எளியது: சீட்டை மடிக்கும்போது ஈர மை எதிர்க் கட்டத்தில் ஒட்டினால் ஓட்டு செல்லாமல் போகக்கூடும். எண்ணும் கூடத்தில் பெட்டியைத் திறந்ததும் முதலில் சீட்டுகளின் எண்ணிக்கையை, சாவடியில் வழங்கிய கணக்கோடு சரிபார்ப்பார்கள். பிறகே தரம் பிரித்து எண்ணுவார்கள், இரு தரப்பு முகவர்களும் எதிரில் நிற்பார்கள். ஆக, அவநம்பிக்கை தோற்றவர்களிடம் மட்டும் இருந்ததல்ல. வாக்கு எண்ணப்படுவதற்கு முன்பே, வெல்லப்போகிற தரப்பிடமும் அது இருந்தது.

வாக்கே இல்லாதவர்களின் நிலை என்ன? இந்த இடத்தில் நமக்கு நேரடித் தொடர்பு உண்டு. காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில், பிரிட்டனில் சட்டப்படி வசித்த இந்திய, இலங்கைக் குடிமக்கள் இந்த வாக்கெடுப்பில் வாக்களிக்க முடிந்தது. படிப்பு விசாவில் போன சென்னை மாணவர் பெயரைப் பதிந்திருந்தால் அவருக்கு வாக்கு உண்டு. இருபது ஆண்டாக அங்கே வரி கட்டிய போலந்துக்காரருக்குக் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களில் அயர்லாந்து, சைப்ரஸ், மால்டா நாட்டினருக்கு மட்டுமே அந்த உரிமை இருந்தது. தமிழர்கள் நெருக்கமாக வாழும் ஈஸ்ட் ஹாம் அடங்கிய நியூஹாமில் 52.8 சதவீதமும் ஹாரோவில் 54.6 சதவீதமும் நீடிக்கச் சொன்னார்கள். இதை வைத்துத் தமிழர்கள் இப்படித்தான் வாக்களித்தார்கள் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். ஒரு வட்டாரத்தின் மொத்தக் கணக்கிலிருந்து ஒரு சமூகத்தின் வாக்கைப் பிரித்தெடுக்க முடியாது.

வாக்கில்லாதவர்கள் மீதுதான் முதல் அடி விழுந்தது. முடிவு வந்த இரண்டாம் நாள் லண்டன் ஹேமர்ஸ்மித்தில் போலந்து சமூக, கலாசார மையத்தின் முகப்பில் வசை எழுதப்பட்டது. அக்கம்பக்கத்தார் பூங்கொத்துகளையும் ஆறுதல் அட்டைகளையும் கொண்டுவந்து அதே வாசலை நிறைத்தார்கள். ‘என்னருகில் அஞ்சாமல் உட்காரலாம்’ என்பதன் அடையாளமாகச் சட்டையில் ஒரு ஊக்கைக் குத்திக்கொண்டு பலர் ரயிலில் போனார்கள். 2016 ஜூலையில் இன, மத வெறுப்பால் நடந்ததாகக் காவல்துறை பதிவு செய்த குற்றங்கள், முந்தைய ஆண்டு ஜூலையைவிட 41 சதவீதம் அதிகம் என்றது உள்துறை அமைச்சகம். புகார் கொடுக்க முன்வந்தவர்கள் கூடியதும் இதில் ஓரளவு சேர்ந்திருக்கலாம், ஆனாலும் அந்த மாதத்து ஏற்றத்தை அமைச்சகமே மறுக்கவில்லை. மறுநாள் நடந்ததை எழுத வேண்டும் என்றால் இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

மனமாற்றம் நடக்கவே இல்லையா என்றால், நடந்தது, மெதுவாக. ‘பின்னோக்கிப் பார்க்கையில், வெளியேற வாக்களித்தது சரியா, தவறா?’ என்று யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 2016 ஆகஸ்டிலிருந்து கேட்டு வருகிறது. தொடக்கத்தில் ‘சரி’ 46, ‘தவறு’ 42. அடுத்த ஆண்டில் இரண்டும் நெருங்கி, பிறகு ‘தவறு’ முந்தியது. சில ஆண்டுகள் கழித்துப் பாதிக்கு மேல் போனது. ஆரம்பகால மாற்றத்துக்குக் காரணம் வாக்களித்தவர்கள் பக்கம் மாறியது அல்ல என்பது ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் கர்டிஸ் போன்றோரின் ஆய்வு. 2016இல் வாக்களிக்காமல் இருந்தவர்களும், அப்போது வயது நிரம்பாதவர்களும் நீடிக்கும் பக்கம் சாய்ந்ததே முக்கியக் காரணம். வெளியேற வாக்களித்தவர்களே கணிசமாக மாறியது பிற்பாடு நடந்தது. கேள்வியைக் கொஞ்சம் மாற்றினாலும் விடை மாறும். மீண்டும் சேரலாமா என்பதற்குக் கிடைக்கும் ஆதரவு, யூரோ நாணயத்தையும் ஏற்க வேண்டும் என்று சேர்த்துக் கேட்டால் குறைந்துவிடுகிறது.

வெளியேறுதல் என்ற ஒரே கட்டத்துக்குள் பல திட்டங்கள் ஒளிந்திருந்ததும் இந்த மெதுவான மாற்றத்துக்குக் காரணம். சரக்கும் சேவையும் பணமும் ஆட்களும் தடையின்றிச் செல்லும் ஒற்றைச் சந்தையில் இருப்பதா, உறுப்பு நாடுகளிடையே சுங்க வரி இல்லாத சுங்க ஒன்றியத்தில் மட்டும் இருப்பதா, எந்த ஒப்பந்தமும் இன்றிப் போவதா என்று சீட்டில் கேட்கவில்லை. 2019 மார்ச் 27 அன்று எம்.பி.க்கள் எட்டு யோசனைகள் மீது வாக்களித்தார்கள். எட்டும் தோற்றன. சுங்க ஒன்றிய யோசனை நூலிழையில் போனது. அன்றைய பிரதமர் தெரசா மேயின் வெளியேற்ற ஒப்பந்தம் அந்த ஜனவரியில் 230 வாக்கு வித்தியாசத்தில் விழுந்திருந்தது. வெளியேற வாக்களித்த ஒருவர் 2019இல் கோபப்பட்டாரென்றால் அவர் மனம் மாறியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவர் கேட்ட வெளியேற்றம் வேறாக இருந்திருக்கலாம்.

சொன்னதைவிட மக்கள் செய்ததைப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்கும் நாடு, வட அயர்லாந்து பிரிட்டனோடு சேர்ந்த பகுதி. முடிவு வந்த சில நாளில் வட அயர்லாந்துத் தபால் நிலையங்களில் அயர்லாந்து கடவுச்சீட்டு விண்ணப்பப் படிவங்கள் தீர்ந்துபோயின. வெளியேறும் தரப்பில் பிரசாரம் செய்த எம்.பி. இயன் பெய்ஸ்லியே, உரிமையுள்ளவர்கள் இரண்டாவது கடவுச்சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். தாயோ தந்தையோ அயர்லாந்துத் தீவில் பிறந்த அயர்லாந்துக் குடிமக்களாக இருந்தால் நேரடியாகக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். பாட்டி தாத்தா வழி உரிமை என்றால் முதலில் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயரைச் சேர்க்க வேண்டும். அதற்கு மூன்று தலைமுறைப் பிறப்பு, திருமணச் சான்றுகளின் அசல் வேண்டும். பதிவேட்டை விட்டுவிட்டு நேரே கடவுச்சீட்டுப் படிவத்தை அனுப்பினால் காரியம் நடக்காது.

அங்கே வசித்த ஐரோப்பியர்கள் தங்கியிருக்க 2021 ஜூன் 30க்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்றது அரசு. ஐந்தாண்டு தொடர்ந்து வசித்தவருக்கு நிரந்தர நிலை, அதற்குக் குறைந்தால் தற்காலிக நிலை. கையில் அட்டை எதுவும் தரவில்லை. வீட்டு உரிமையாளருக்குக் காட்டுவதென்றால்கூட இணையத்தில் ஒரு குறியீட்டெண் எடுத்துத் தர வேண்டும். 35 முதல் 41 லட்சம் பேர்வரை விண்ணப்பிப்பார்கள் என்று அரசு எதிர்பார்த்தது. கெடு முடியும்போது வந்திருந்தவை 60 லட்சத்துக்கு மேல். ஒருவரே இருமுறை விண்ணப்பித்தவையும் அதில் அடங்கும். ஆனாலும் தன் நாட்டில் எத்தனை ஐரோப்பியர்கள் வாழ்கிறார்கள் என்பதே அரசுக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் வெளிப்பட்டது.

அந்த மனு வாக்கெடுப்புக்கு முன்பே எழுதப்பட்டது என்பதையும், கூகுள் டிரெண்ட்ஸ் ஆட்களை எண்ணுவதில்லை என்பதையும் திருத்தமாக வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இனி கருத்துக்கணிப்பு எண்களை அச்சிடும்போது, கேட்ட கேள்வியையும் கேட்ட மாதத்தையும் அடியில் ஒரு வரியாகச் சேர்த்தால் வாசகர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சி