பத்துப் பெற்றும் பதறாதவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அந்தக் காலத்துத் தாய்மார்கள் பத்துப் பெற்றும் பதறாமல் வளர்த்தார்கள் என்றும், இன்றைய பெண்கள் ஒன்றைப் பெற்றுவிட்டு ஊரைக் கூட்டுகிறார்கள் என்றும் சென்ற இதழ்க் கட்டுரை ஒன்று குறைப்பட்டிருந்தது. திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தவள் என்ற முறையில், அந்தப் பதறாமை எங்கிருந்து வந்தது என்பதை எழுதத் தோன்றியது.

1938-இல் பிறந்த என் தாயார் ஏழு பெற்றார். நான்கு பேர் தங்கினோம். முதல் இரண்டும் தங்காமல் போகவே, மூன்றாவதாகப் பிறந்த என் அண்ணனைக் குப்பைமேட்டில் உருட்டி எடுத்து, மூக்குக் குத்தி, குப்புசாமி என்று பெயர் வைத்தார்கள். யமன் கண்ணுக்கு அது வேண்டாத பிள்ளையாகத் தெரிய வேண்டும் என்பது கணக்கு. எந்தப் பிள்ளையையும் அம்மா வாய்விட்டுப் புகழ்ந்ததில்லை. "கொழுகொழுன்னு இருக்கானே" என்று யாராவது சொல்லிவிட்டால் அன்று மாலையே மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுவார். சிறு வயதில் இதைக் கல்நெஞ்சம் என்று நினைத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் 1970-களின் தொடக்கத்தில்கூடப் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை ஓராண்டைத் தாண்டவில்லை என்பதையும், 2020-இல் அந்த எண்ணிக்கை 13 என்பதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அவர் ஏன் பிள்ளைகளிடம் மனத்தை முழுதாக ஒப்படைக்கவில்லை என்பது விளங்கும். கட்டுரையாளர் பதறாமை என்று பாராட்டுவது, பதறிப் பதறி மரத்துப்போன மனமாக ஏன் இருக்கக்கூடாது?

நான் வேலையில் சேர்ந்த 1980-களில் வீடு வீடாகச் சொல்லிக்கொடுத்த பாடம், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, வயிற்றால் போகும் குழந்தைக்குச் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும் என்பது. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று தடுத்த மாமியார்கள் ஏராளம். என் அம்மாவும் அந்தக் கட்சிதான். ஊருக்குச் சொன்ன நான் வீட்டில் என்ன செய்தேன் என்பதையும் மறைப்பதற்கில்லை. 1988-இல் மகள் பிறந்து மூன்று மாத விடுப்பு முடிந்ததும், காலையில் தாய்ப்பாலின் அருமையைப் பேசிவிட்டு, மாலையில் வந்து புட்டியைக் கழுவி டப்பாப் பாலைக் கரைத்தேன். நான்காம் மாதமே கூழ் கொடுக்கத் தொடங்கினோம். அன்றைய பாடம் அது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2001-இல்தான். தடுப்பூசி அட்டையில் எல்லாக் கட்டமும் நிரம்பியதால், பிழைக்குமா என்ற பயம் எங்களுக்குக் குறைந்தது. அந்த இடத்தில் தேறுமா என்ற பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. மதிப்பெண் குறைந்ததற்காக என் அம்மா ஒரு நாளும் எங்களை அடித்ததில்லை. நான் என் மகளை அடித்திருக்கிறேன்.

அந்த மகள் இப்போது சென்னையில் ஒரே பெண்ணை வளர்க்கிறாள். 2017-இல் திருத்தப்பட்ட சட்டத்தால் அவளுக்கு 26 வாரம் விடுப்புக் கிடைத்தது. அடிப்பதில்லை என்பதில் உறுதியாக இருக்கிறாள். பிள்ளை கைப்பேசியைப் பார்த்தபடி சாப்பிடுவது எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் அம்மா எங்களுக்கு நிலா காட்டிச் சோறு ஊட்டியபோது உள்ளே உலை வைக்க அத்தை இருந்தார், தண்ணீர் எடுத்துவரச் சித்தி இருந்தார். நான்காவது மாடியில் இவள் ஒருத்தி.

போன மாதம் பேத்திக்கு வயிற்றுப்போக்கு. நள்ளிரவில் மகள் தொலைபேசியில் அழைத்து, எத்தனை முறை போனது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதி வைத்ததை எல்லாம் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் பதில் சொல்வதற்குள், பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறார் என்று நினைத்திருந்த என் அம்மா எழுந்து உட்கார்ந்து, "அந்த உப்புச் சீனித் தண்ணியக் கலக்கிக் குடுக்கச் சொல்லு, சும்மா பேசிக்கிட்டு இருக்காத" என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்.